கண்டுபிடிக்கலாம், சுடக்கூடாது: புறாக்கள் பற்றிக் கேள்வி-பதில்

இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் மருமகன் குளிர்காலம் வந்தால் வயல்வெளியில் காட்டுப்புறா சுடப் போகிறாராம். நம்ம திருவனந்தபுரம் புஞ்சக்கரி வயலிலும் புறா கூட்டம் கூட்டமாக இறங்குகிறது. அவர் லீவில் வரும்போது இங்கேயும் ஒரு கை பார்க்கலாமா?
– வாசகர், வலியசாலை

துப்பாக்கியை அங்கேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றம். 1991 திருத்தத்துக்கு முன்பு சிறு வேட்டைக்கு லைசென்ஸ் கொடுக்கும் வழக்கம் இருந்தது. அந்தத் திருத்தத்தோடு பொழுதுபோக்கு வேட்டைக்கு இந்தியாவில் இடமே இல்லாமல் போனது. சுட்டால்தான் குற்றம் என்றில்லை. கண்ணி வைப்பது, வலை விரிப்பது, முட்டையை எடுப்பது, இவற்றுக்கு முயற்சி செய்வது எல்லாமே சட்டத்தின் கண்ணில் வேட்டைதான். 2022 திருத்தத்துக்குப் பிறகு, சாதாரண வேட்டைக் குற்றத்துக்கே மூன்று ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முதல் அட்டவணையில் உள்ள உயிர் என்றால் குறைந்தபட்சம் மூன்று ஆண்டு.

மருமகனுக்கு ஒரு பைனாகுலர் வாங்கி வைத்திருங்கள். புஞ்சக்கரி வரப்பில் காலை ஆறரை மணிக்கு அவருக்கு நிறைய வேலை இருக்கிறது.

அங்கே சரி, இங்கே தப்பா? புறா எங்கேயும் புறாதானே?
– வாசகி, கரமனை

அங்கேயும் இஷ்டத்துக்குச் சுட முடியாது. அவர்கள் சுடும் காட்டுப்புறா நம்ம ஊரில் இல்லாத இனம். நம் நாட்டில் அது தெரிவது வடமேற்கில், காஷ்மீர், இமாச்சலப் பக்கம்தான். பிரிட்டனில் அது பெருகிக் கிடக்கிறது. பனிக்காலத்தில் வேறு பச்சை கிடைக்காதபோது கடுகு இனத்தைச் சேர்ந்த எண்ணெய்வித்துப் பயிரின் இலைகளை மேய்ந்து தீர்க்கிறது. அதனால் பயிர்ச்சேதத்தைத் தடுக்க என்ற ஒரே காரணத்துக்காக, பொது உரிமம் ஒன்றின் கீழ் அனுமதிக்கிறார்கள். அந்த உரிமமும் கல்வெட்டு அல்ல. ‘வைல்ட் ஜஸ்டிஸ்’ என்ற அமைப்பு சட்டப்படி கேள்வி எழுப்பியதும், 2019 ஏப்ரலில் அரசு நிறுவனமான ‘நேச்சுரல் இங்கிலாந்து’ அத்தகைய உரிமங்களை ரத்து செய்ய நேர்ந்தது. பிறகுதான் நிபந்தனைகளைத் திருத்தி மறுபடி கொடுத்தார்கள். முதலில் விரட்டிப் பார்க்க வேண்டும், மற்ற வழிகள் பலிக்காதபோதே சுட வேண்டும் என்பது அங்கேயும் எதிர்பார்ப்பு.

ஏர்கன்னுக்கு லைசென்ஸே வேண்டாம் என்று கடைக்காரர் சொல்கிறாரே?
– கல்லூரி மாணவர், நெய்யாற்றின்கரை

துப்பாக்கியைப் பற்றி அவர் சொன்னது ஓரளவு சரி. குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்த திறனுள்ள ஏர்கன்களை 2016 ஆயுத விதிகள் லைசென்ஸிலிருந்து விலக்கி வைத்திருக்கின்றன. ஆனால் அந்த விலக்கு துப்பாக்கிக்கு, புறாவுக்கு அல்ல. தகர டப்பாவைக் குறிபாருங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். வேட்டையைக் குறைக்கவே அருணாசலப் பிரதேசத்தில் 2021-இல் ஏர்கன்களை ஒப்படைக்கச் சொல்லி அரசு இயக்கமே தொடங்கியது. மக்கள் தாங்களாகவே கொண்டுவந்து கொடுத்தார்கள். வேட்டை வாழ்க்கையோடு கலந்திருந்த மலையூர்களில் அது நடந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

சுட வேண்டாம், பார்க்க ஆசை. திருவனந்தபுரத்தில் குளிர்காலத்தில் எந்தப் புறாவை எங்கே தேடுவது?
– ஆசிரியை, தைக்காடு

இந்தக் கேள்விக்காகவே இந்த வாரம் உட்கார்ந்தேன்.

முதலில் காலம். நமக்குப் பனி கிடையாது. துலாவர்ஷம் ஓய்ந்து டிசம்பர் பிற்பகுதியில் வானம் வெளுப்பதுதான் நம்ம குளிர்காலம். அப்போது முண்டகன் பருவ நெல்லின் அறுவடை தொடங்கும், சில இடங்களில் புஞ்சைப் பருவ நெல்லுக்கு உழவு தொடங்கும். நாஞ்சில் நாட்டுக்காரர்கள் கும்பப்பூ என்று சொல்லும் பயிர் அங்கே நின்றுகொண்டிருக்கும். அறுத்த தாளடியில் சிந்திய மணியும் களை விதையும் கிடைக்கும் இந்த வாரங்களில் புறாவைத் தேடி அலைய வேண்டாம். உணவு எங்கே என்று தெரிந்தால் போதும்.

வயலில் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது புள்ளிப்புறா. இங்குள்ளவர்கள் அரிப்ராவு என்பார்கள். கழுத்தின் பின்புறம் கறுப்பில் வெள்ளைப் புள்ளி. விடிந்ததும் வரப்பிலும் மண்பாதை ஓரத்திலும் ஜோடியாக நடந்து பொறுக்கும். தீனியை அரைப்பதற்காகச் சிறு கல்லையும் விழுங்கும். வெயில் ஏறினால் தென்னையிலோ அயினியிலோ போய் அமர்ந்துகொள்ளும். ஆகவே காலை ஒன்பதுக்குப் பிறகு வயலைப் பார்க்காதீர்கள், மரத்தைப் பாருங்கள். மாலையில் ஒரே இடத்தில் நின்று அவை எந்தத் திசையில் போகின்றன என்று கவனியுங்கள். இரண்டு நாள் கவனித்தால் அவற்றின் பாதை பிடிபட்டுவிடும். பழைய வேட்டைக்காரர்களுக்குத் தெரிந்த வித்தை இதுதான். துப்பாக்கி அதில் கடைசி ஒரு நொடி மட்டும். வித்தையை வைத்துக்கொண்டு அந்த நொடியை விட்டுவிடலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

பச்சைப்புறா வயலுக்கு இறங்காது. பழுத்த ஆலமரத்தடியில் கழுத்து வலிக்க நின்றால் இலை அசைவதுபோல் தெரியும். பிறகு இலைகளில் பாதி பறந்துபோகும். தமிழ்நாட்டின் மாநிலப் பறவையான மரகதப்புறாவுக்கு நிழல் வேண்டும். பேப்பாறை, நெய்யாறு காட்டுப் பாதைகளில் தரையில் தனியாக நடக்கும்.

இனி நம்ம மண்ணின் உண்மையான காட்டுப்புறா: நீலகிரி காட்டுப்புறா, மலையாளத்தில் மரப்ராவு. பிடரியில் கறுப்பு வெள்ளைச் சதுரங்கக் கட்டம். மேற்குத் தொடர்ச்சி மலையையும் தென்னிந்தியாவின் சில குன்றுகளையும் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. சோலைக்காட்டுப் பழங்களைத் தின்று வாழும், பெரும்பாலும் ஒரே ஒரு முட்டைதான் இடும். உலக அளவில் அழியும் அபாயத்தில் உள்ள இனமாகப் பட்டியலிட்டிருக்கிறார்கள். 22 கொண்டை ஊசி வளைவு ஏறிப் பொன்முடிக்குப் போங்கள்; மேலே காட்டோரம் சத்தமில்லாமல் அரை மணி நின்றால் ஆழ்ந்த குரல் ஒன்று கேட்கலாம். நெல்லுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பயிரைக் காட்டி இந்தப் புறாவைச் சுடுபவர் சொல்வது பொய்.

பார்க்கிறவர்களுக்கு இனிப்பாகத்தான் இருக்கும். முளைகட்டி விதைத்த நெல்லை விடிந்ததும் புறா பொறுக்கிவிடுகிறதே, நான் என்ன செய்வது?
– விவசாயி, கல்லியூர்

உங்கள் கோபம் நியாயமானது அண்ணாச்சி. நட்டப்படுகிறவரிடம் கருணையைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போவது அநியாயம்.

முதலில் தின்பது யார் என்று பாருங்கள். விதைத்த அன்று பொறுக்குவது புறாவாக இருக்கலாம். இளம் தண்டைக் கடித்துப் போடுவது பெரும்பாலும் நீலக்கோழி. பால்பிடித்த கதிரில் தொங்குவது சில்லையும் கிளியும். பழி மொத்தமும் புறாவின் தலையில் விழுகிறது, ஏனென்றால் அது வெளிச்சத்தில் நடந்து தின்கிறது.

புறாவால் சேதம் வருவது பெரும்பாலும் விதைத்த முதல் சில நாட்களில்தான். பாடசேகரம் (வயல்தொகுதி) முழுவதும் ஒரே நாளில் விதைத்தால் எவர் வயலிலும் சேதம் பாரமாகாது. ஒருவர் மட்டும் முந்தினால் சுற்றுவட்டாரப் புறா மொத்தமும் அவருக்கே விருந்தாளி. நாற்றுவிட்டு நட்டால் காக்க வேண்டிய இடம் நாற்றங்காலாகச் சுருங்கிவிடும். பளபளக்கும் நாடாவை முறுக்கிக் கட்டினால் காற்றில் மின்னும், இரையும். ஆனால் ஒரே இடத்தில் விட்டால் பறவைகள் சீக்கிரம் பழகிவிடும். இடம் மாற்றிக்கொண்டே இருங்கள். தரையோடு நைலான் வலை மட்டும் விரிக்காதீர்கள். புறாவோடு ஆந்தையும் மாட்டிச் சாகும். பிறகு எலியை யார் பிடிப்பது?

குறிஞ்சி நிலத்துப் பெண்கள் தட்டை, குளிர் என்ற கிளி விரட்டும் கருவிகளும் கவணும் வைத்துக்கொண்டு பரண்மேல் நின்று தினை காத்ததைச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. வள்ளியின் ஆலோலம் இன்றும் மேடையில் கேட்கிறது. விரட்டுவது நமக்குப் புதிய பாடமல்ல. அந்த நான்கைந்து நாள் காவலுக்கு ஆள் கூலி கொடுக்க பாடசேகர சமிதியோ பஞ்சாயத்தோ முன்வந்தால், அது புறாவுக்குச் செய்யும் தர்மம் அல்ல, நெல்லுக்குச் செய்யும் செலவு. கேட்டு வாங்குங்கள்.

பஞ்சாயத்துத் தலைவர் உத்தரவு போட்டால் காட்டுப்பன்றியைச் சுடலாம். புறாவுக்கு மட்டும் என்ன சலுகை?
– வாசகர், நெடுமங்காடு

சலுகை இல்லை, கணக்கு. நின்ற பயிருக்கும் உயிருக்கும் ஆபத்தான விலங்கைக் கொல்ல அனுமதி தரும் வழி சட்டத்திலேயே இருக்கிறது. அந்த அதிகாரத்தைப் பன்றி விஷயத்தில் மட்டும் 2022 மே மாதத்தில் கேரள அரசு உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. அதிலும் நிபந்தனை: லைசென்ஸ் உள்ளவர்தான் சுட வேண்டும், விஷம், வெடி, மின்சாரம் கூடாது. மரவள்ளித் தோட்டத்தை ஒரே இரவில் கிளறிப்போடும் பன்றியும், சிந்திய மணி பொறுக்கும் புறாவும் ஒரே தராசில் நிற்காது. பன்றிக்குக் கிடைத்த அனுமதி ஊர் ஊராகப் போராடிப் பெற்றது. அதை மற்ற உயிர்கள் மேல் ஏற்றினால், உண்மையாகவே பாதிக்கப்பட்ட மலையோர விவசாயியின் வழக்குதான் பலவீனமாகும்.

பறவையியல் அறிஞர் சலீம் அலியே பறவை சுட்டவர்தானே?
– வாசகர், பாறசாலை

ஆமாம். சிறுவனாக ஏர்கன்னால் ஒரு மஞ்சள் தொண்டைக் குருவியைச் சுட்டு, அது என்ன இனம் என்று கேட்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினார். 1933-இல் திருவிதாங்கூரில் பறவைக் கணக்கெடுப்பு நடத்தியபோதும் மாதிரிகள் சேகரிக்கச் சுட்டார்கள். அந்தக் காலத்தில் அடையாளம் உறுதி செய்ய வேறு வழி குறைவு. இப்போது வழி மாறிவிட்டது. 2015 முதல் 2020 வரை கேரளப் பறவை அட்லஸுக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் மாநிலம் முழுவதும் மழைக்காலம் ஒருமுறை, வறண்ட காலம் ஒருமுறை என்று நடந்து எண்ணினார்கள். சேர்ந்தவை 25,000-க்கும் அதிகமான பட்டியல்கள். ஒரு தோட்டாகூடத் தேவைப்படவில்லை.

ஆயிரக்கணக்கில் இருக்கிறது. பத்துப் போனால் என்ன குறைந்துவிடும்?
– வாசகர், பாலராமபுரம்

அமெரிக்காவில் பயணிப்புறா பறந்தால் வானம் மறையும் என்றார்கள். கோடிகளில் அல்ல, நூற்றுக்கணக்கான கோடிகளில் இருந்தது. கடைசிப் பறவை 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி மிருகக்காட்சிசாலைக் கூண்டில் செத்தது. அதற்கு மார்த்தா என்று பெயர் வைத்திருந்தார்கள்.

இன்னொன்று: நம்ம ஊரில் புள்ளிப்புறா ஏறக்குறைய ஆண்டு முழுவதும் கூடு கட்டும். தாய், தந்தை இரண்டும் தொண்டைப் பையில் சுரக்கும் பாலைக் குஞ்சுக்கு ஊட்டும். எந்த மாதத்தில் சுட்டாலும் எங்கோ ஒரு கூட்டில் குஞ்சு பட்டினி.

புறாக்கறி மூட்டுவலிக்கு நல்லதாமே?
– வாசகி, கிழக்கே கோட்டை

மூட்டுவலிக்கு டாக்டரைப் பாருங்கள். கறி வேண்டுமென்றால் பண்ணைக் காடை கடையில் கிடைக்கிறது. சுட்ட பறவையின் கறியில் ஈயத் துணுக்கு தங்கலாம். ஈயம் உடம்பில் சேரும் நஞ்சு. ஐரோப்பிய ஒன்றியம் 2023 பிப்ரவரி முதல் ஈரநிலங்களில் ஈயக் குண்டைத் தடை செய்திருக்கிறது.

விவசாயிகள் பறவைகளுக்காகத் துப்பாக்கியை எதிர்த்த கதை தமிழ்நாட்டில் உண்டா?
– வாசகர், நாகர்கோவில்

உண்டு. வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798-இல் எழுத்தில் கவுல் (பாதுகாப்பு உறுதிப் பத்திரம்) வாங்கினார்கள். காரணம் இரக்கம் மட்டுமல்ல. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பறவையால் தனக்கு என்ன லாபம் என்று தெரிந்த விவசாயியைவிட நல்ல காவல்காரன் இல்லை. உங்கள் பக்கத்தில் சுசீந்திரம் – தேரூர் குளங்கள் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறியிருக்கின்றன. வேடந்தாங்கலைப் போலப் பறவைகளுக்குக் காவல் நிற்கும் வாய்ப்பு உங்கள் ஊருக்கும் இருக்கிறது.

வெள்ளாயணிக் காயல் பக்கம் அதிகாலையில் வெடிச் சத்தம் கேட்டால் யாரிடம் சொல்வது?
– வாசகி, வெங்ஙானூர்

112-ஐ அழையுங்கள், வனத்துறை ரேஞ்ச் ஆபீஸுக்கும் சொல்லுங்கள். நேரம், இடம், வண்டி எண் குறித்துக்கொள்ளுங்கள். தனியாகப் போய்த் துப்பாக்கிக்காரரைத் தடுக்க வேண்டாம்.

அதோடு ஜனவரியில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் நடக்கும். பிப்ரவரியில் உலகம் முழுவதும் வீட்டுத்தோட்டப் பறவைக் கணக்கெடுப்பு. கால் மணி நேரம் ஒரு வரப்பில் நின்று எண்ணினால் போதும். பத்துப் பேர் எண்ணிக்கொண்டிருக்கும் வயலுக்குத் துப்பாக்கியோடு வர யாரும் துணிய மாட்டார்கள். வரும் பிப்ரவரியில் வெள்ளாயணிக்கு வாருங்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்.