ஒளிந்திருக்கும் பிளக் பாயிண்ட்

சேக்காட்டில் பழைய ஓட்டு வீட்டைப் புதுப்பிக்கிறவருக்கு ஒரே கவலை: பிளக் பாயிண்ட் கண்ணில் படக்கூடாது. பாரம்பரியம் கெட்டுவிடுமாம்! அதற்காகச் சுண்ணாம்புச் சுவரைக் கட்டர் வைத்துக் கிழித்து, பைப் புதைத்து, மேலே சிமெண்டு பூசுகிறார். சுவர்மேலேயே மரப்பட்டை அடித்து ஒயர் ஓட்டிய அந்தக் கால எலக்ட்ரீஷியன், ஆணித் துளையோடு நிறுத்திக்கொண்டார்.

பார்க்கப்போனால், அந்த உருண்டைப் பின் சாக்கெட்டைவிடப் பாரம்பரியமான பொருள் வீட்டில் ஏது? வெள்ளைக்காரன் விட்டுப்போனது. அவன் ஊரிலேயே 1947-இல் பட்டைப் பின்னுக்குத் தரநிர்ணயம் வந்துவிட்டது. நாம்தான் இன்னும் கட்டிக் காக்கிறோம்.

வேலை முடிந்தது. சாக்கெட் பீரோவுக்குப் பின்னால் பத்திரம். கூடத்தின் நடுவே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதில் நாலு சார்ஜர்.

ஐயா, பாயிண்டை எங்கே வேண்டுமானாலும் ஒளியுங்கள். எர்த் கம்பி இழுத்தாயிற்றா என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.