இண்டைக்கு ஒருக்கா

வன்னிப் பள்ளிக்கூடங்களில் தொண்டர் ரீச்சரைக் கண்டுபிடிப்பது சுலபம். ஆசிரியர் அறையில் கதிரை இல்லாமல், வெண்கட்டியோடு வாசலில் நிற்பவர்தான் அவர். நேரசூசியில் அவருக்குப் பாடம் எதுவும் இல்லை. ஆகவே எல்லாப் பாடமும் அவருக்குத்தான்.

ஏழரைக்கு மணி அடிக்கும்போது கணக்குச் சேர் யாழ்ப்பாண பஸ்சில் பரந்தனைத் தாண்டியிருக்க மாட்டார். அதிபர் குரலைக் குழைப்பார்: "பிள்ளை, இண்டைக்கு ஒருக்கா எட்டாம் ஆண்டுக்குப் போறீங்களோ?" அந்த 'ஒருக்கா' பதினைந்து வருசத்துக்கும் மேலாக நடக்கிறது. முதற்பாடம் கணக்கு, அடுத்தது சைவசமயம். மூன்றாவதில் நடன ரீச்சருக்குக் காய்ச்சல் என்று செய்தி வரும். வெண்கட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தாளம் போடத் தொடங்குவார். இடைவேளையில் சத்துணவுக்கு உப்புப் பார்ப்பதும், விழுந்த பல்லைக் கடதாசியில் சுற்றிக் கொடுப்பதும் பாடவிதானத்துக்கு வெளியே.

கஷ்டப் பிரதேசச் சேவைக்கு வருகிற ஆசிரியர்கள் வந்த கிழமையே இடமாற்ற விண்ணப்பத்தை எடுப்பார்கள். அதை நிரப்பிக் கொடுப்பதும் இவர்தான். கையெழுத்து வடிவு.

சம்பளம் என்று கேட்கக்கூடாது, அது தொண்டு. பாடசாலை அபிவிருத்திச் சங்கம் ஏதோ கொடுக்கும். சுவிசில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் தீபாவளிக்கு நினைத்தால் கொஞ்சம் கூடும். பதவி இல்லாததால் லீவும் இல்லை. இல்லாத பதவியிலிருந்து எப்படி லீவு எடுப்பது?

நிரந்தர நியமனத்துக்கான நேர்முகத்துக்கும் போனார். அங்கே கண்ணாடி போட்ட ஒருவர் கேட்டார்: "2008 ஆம் ஆண்டு வரவுப் பதிவேடு எங்கை?"

அந்த வருசம் போரில் கிளிநொச்சியே எழும்பி நடந்தது. மர நிழலில் படிப்பித்து, அடுத்த இடத்துக்கு ஓடி, 2009 இல் மெனிக்பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் தறப்பாளுக்குக் கீழே மறுபடி 'அ'னா எழுதினவர் இவர்.

"ஐயா, பதிவேட்டைத் தூக்கியிருந்தால் பிள்ளையைத் தூக்கியிருக்க ஏலாது."

கண்ணாடிக்காரர் யோசித்தார். "அப்ப ஒரு போட்டோக்கொப்பி?"

பிறகு மனுக் காலம். 2013 இல் வடமாகாண சபை வந்தது, சபைக்குக் கொடுத்தார். 2018 இல் சபையின் காலம் முடிந்தது, ஆளுநருக்குக் கொடுத்தார். ஆளுநர்கள் மாறினார்கள், மனுவில் பெயரை மட்டும் மாற்றினார். இதற்கிடையில் தொண்டர்களில் ஒரு பகுதியினருக்கு நியமனம் கிடைக்கத்தான் செய்தது. நம்மவருக்கு எப்போதும் ஒரு கடிதம் குறையும். சந்தையில் ஆச்சிமார் "என்ன ரீச்சர், நிரந்தரமாச்சோ?" என்று கேட்டால், "அடுத்த மாதம் எண்டுகினம் ஆச்சி" என்பார். எந்த வருசத்து அடுத்த மாதம் என்று ஆச்சிமார் கேட்பதில்லை. நாகரிகம்.

2020 இல் அரசாங்கம் பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபாய்க்குப் பயிலுனர்களாக எடுத்தது. பள்ளிக்கூடத்துக்கும் ஒரு பிள்ளை வந்து சேர்ந்தாள், தறப்பாளுக்குக் கீழே இவரிடம் படித்தவள். வந்த அன்றே அவளுக்குக் கதிரை கிடைத்தது. அவளோ கதிரையில் இருக்கக் கூச்சப்பட்டு எழும்பி நின்றாள். இரண்டு பேரும் நிற்க, கதிரை தவணை முழுக்கச் சும்மா கிடந்தது. இடாப்பில் சிவப்புப் பேனை எங்கே, நீலப் பேனை எங்கே என்று அவளுக்குப் பழக்கினது யாரென்று சொல்லவும் வேணுமோ?

அண்மையில் வலயத்திலிருந்து மேற்பார்வைக்கு வந்தார்கள். "இந்தப் பிள்ளை ஏன் நாலு நாளாய் வரேல்லை?" என்று ஒருவர் இடாப்பைத் தட்டினார். வகுப்பாசிரியர் முகட்டைப் பார்த்தார். வாசலிலிருந்து தொண்டர் ரீச்சர் சொன்னார்: "தகப்பன் கடலுக்குப் போட்டார், சேர். தாய்க்கு ஏலாது. தம்பியைப் பாக்க ஆளில்லை. திங்கள் வருவான்."

அதிகாரி பெயர்ப்பட்டியலை மேலும் கீழும் பார்த்தார். "இவ ஆர்? லிஸ்ரிலை காணேல்லையே?"

அதிபருக்கு வியர்த்தது.

"அவ இண்டைக்கு லீவு, சேர்."