ரெண்டு மலையும் நடுவுல சூரியனும்

வாரும் மருமகனே. பிள்ளைக்கு விஞ்ஞானம் மண்டையில ஏறலைன்னு டியூசனுக்கு ஆள் தேடுதீராமே? தேடும், நல்லது. அதுவரைக்கும் கிழவன் ஒரு யோசனை சொல்லுதேன்.

பேரன் படம் போடுற நோட்டைப் பார்த்தேன். ரெண்டு மலை, நடுவுல சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை. நீரும் சின்னதுல இதைத்தான் போட்டீரு. (நம்ம ஊருல மலைக்கு நடுவுல சூரியன் வந்ததை எவன் கண்டான்!) அதை ஓரமா வச்சுட்டு, உருவமே வேண்டாம், சும்மா பெயின்டை ஊத்து, தேய், இழுன்னு விடும். எதைப் போலவும் இருக்க வேண்டாம்னு ஆயிட்டா, பெயின்டு என்ன செய்யுதுன்னு பிள்ளை பார்க்க ஆரம்பிச்சிரும்; விஞ்ஞானம் அதுதானே.

ஒரே டப்பாவோட கஞ்சத்தனம் பண்ணாதேயும். வாட்டர் கலர், தண்ணி ஆவியாப் போனா காயும். ஈரத் துணி பட்டா திரும்ப எழும்பி வரும். நிறத்தைத் தாளுல பிடிச்சு வைக்கிறது நம்ம கருவேலத்துக்குப் பங்காளி மரத்துப் பிசின். அக்ரிலிக்கும் தண்ணியிலதான் கலக்கும், ஆனா காஞ்சா பிளாஸ்டிக் தோல். குடம் தண்ணி ஊத்தினாலும் அசையாது. ஆயில் பெயின்டு காயுறதே வேற கதை. அதுல இருக்கிற ஆளிவிதை எண்ணெய் காத்துலேர்ந்து ஆக்சிஜனை இழுத்து இறுகும்; எடைகூடக் கொஞ்சம் ஏறும். சும்மா உக்காந்து காத்து வாங்கியே எடை ஏறுறதுக்கு உம்மையும் உதாரணம் காட்டலாம்.

மெக்சிகோ ஓவியர் சிக்கெய்ரோஸ் 1936-ல நியூயார்க்குல பட்டறை போட்டு, ஒரு பெயின்டு மேல இன்னொண்ணை ஊத்திப் பார்த்தாரு. மேல ஊத்தினது கனமா இருந்தா, கீழ இருக்கிறதைத் துளைச்சுக்கிட்டு இறங்கும். புள்ளி புள்ளியா பூ விரியும். அந்தப் பட்டறையில இருந்த பொலாக்ங்கிற ஓவியர்தான் பின்னால துணியைத் தரையில விரிச்சு, பெயின்டை ஊத்தியே பேர் வாங்கினாரு. அடர்த்தி, பாகுத்தன்மைன்னு வாத்தியார் போர்டுல எழுதுறதெல்லாம் அங்க தரையில ஓடுச்சு.

“இது என்ன படம்டா?”ன்னு மட்டும் கேட்டுராதேயும். எது முதல்ல காஞ்சுதுன்னு கேளும்.

காசில்லைன்னு மூக்கால அழவும் வேண்டாம். மஞ்சப்பொடியைக் கரைச்சுத் தாளுல பூசட்டும். அத்தையோட வெத்தலைப் பெட்டிச் சுண்ணாம்பை நீரே தொட்டு வையும், பிள்ளை கண்ணுல தேய்ச்சிரும். மஞ்சள் செவக்கும், எலுமிச்சம்பழம் பிழிஞ்சா திரும்பவும் மஞ்சளாகும். உம்ம வெள்ளை வேட்டியில தெறிச்சா சோப்புப் போடும். கறை இன்னும் செவந்து நிக்கும், சோப்பும் சுண்ணாம்பு மாதிரி காரம்தானே. ஏன் செவந்துச்சுன்னு பேரன் முந்திக்கிட்டுச் சொல்லிருவான். நீரு வேட்டியைப் பார்த்துக்கிட்டு நிப்பீரு.