அத்திம்பேரும் 9 மீட்டர் மலையும்

கொல்கத்தாவின் தரை கடல் மட்டத்திலிருந்து சுமார் 9 மீட்டருக்கு மேல் எழும்புவதில்லை. ஊருக்குள் ஏறிப் பார்க்க வேண்டிய உயரம் ஏதாவது இருந்தால் அது மேம்பாலம்தான். அப்பேர்ப்பட்ட ஊரில், லேக் மார்க்கெட் சந்து ஒன்றில், என் அத்திம்பேர், அதாவது அக்கா வீட்டுக்காரர், ஃபோர் பை ஃபோர் தார் வண்டி ஒன்றை வாங்கி நிறுத்தினார். தொழில் ஆடிட்டர். வாழ்நாளில் அவர் ஏறிய செங்குத்தான இடம் வருமான வரி அலுவலகத்துப் படிக்கட்டு.

வாங்கிய கையோடு அவர் கண்ணில் பட்டது ஸ்டெபிலைசர் பார். இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைத்து வண்டிக்கடியில் குறுக்கே ஓடும் வளைந்த எஃகுக் கம்பி அது. இரண்டு முனைகளும் லிங்க் ராடு வழியாகக் கீழே பிடித்திருக்கும். வளைவில் வண்டி ஒருபக்கமாகச் சாயும்போது கம்பி முறுகிக்கொண்டு சாயவிடாமல் பிடிக்கும். சாலைக்கு ரொம்ப நல்லது. பாறைக்கு ஆகாது. ஒரு சக்கரம் கல்மேல் ஏறினால், இரட்டைப் பிள்ளைகளில் ஒன்று அழுதால் மற்றதும் அழுகிற மாதிரி, மற்ற சக்கரமும் எழும்பப் பார்க்கும். கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நாலாம் அடுக்கில் ஏறும். 25 மி.மீ. கம்பியை 28 ஆக்கினால் விறைப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல்.

"அதனால, காட்டுக்குப் போறப்ப கழட்டிடணும். ரோட்டுக்கு வந்ததும் மாட்டிடணும். ஸ்பேனரே தொடாம, ஒரு நிமிஷத்துல" என்றார்.

"காடு எங்க இருக்கு அத்திம்பேர்?"

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்டா."

ஜீப் ரேங்க்ளர் ரூபிகானில் இதற்கென்று ஒரு பொத்தானே இருக்கிறது. அமுக்கினால் கம்பி விலகும். வேகம் மணிக்கு 29 கிலோமீட்டரைத் தாண்டினால் தானே சேர்ந்துகொள்ளும். கொல்கத்தா டிராஃபிக்கில் அந்த வேகம் வர நள்ளிரவு ஆக வேண்டும் என்பது வேறு விஷயம். 2020-ல் அந்த வண்டி இந்தியாவுக்கு வந்தபோது விலை அறுபது லட்சத்துக்கு மேல். அத்திம்பேர் கணக்குப் போட்டார்: அறுபது லட்சத்துப் பொத்தானைவிட, லிங்க் ராடில் கையாலேயே உருவி மாட்டுகிற அறுநூறு ரூபாய் பின்னே மேல்.

சட்டம் ஒன்று இருக்கிறதே என்றேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லியாயிற்று. அவர் அசரவில்லை. "மார்ச் 31 அன்னிக்கு என்ன இருக்கோ அதான்டா பேலன்ஸ் ஷீட். போலீஸ்காரன் பாக்கற அன்னிக்கு மாட்டியிருக்கணும், அவ்ளோதான்." அவருடைய கிளையன்ட்டுகள் ஏன் இத்தனை நிம்மதியாக இருக்கிறார்கள் என்று அன்றுதான் புரிந்தது.

பின்னைத் தாங்கும் பிராக்கெட்டுக்கு போல்ட் வாங்க நேதாஜி சுபாஷ் ரோடு போனோம். அங்கே போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். முதல் எட்டுக்கு அர்த்தம், 800 மெகாபாஸ்கல் இழுதகைவைத் தாங்கும் என்பது. அதற்கடுத்த புள்ளி எட்டு, அதில் எண்பது சதவீதம் வரை நெளியாது என்பதற்கு. கடைக்காரர் நீட்டியவை மொட்டைத்தலை. "தாதா, எழுதலேன்னா என்ன, இரும்புதானே?" என்றார். வவுச்சர் இல்லாத செலவைப் பார்க்கிற பார்வை ஒன்று அத்திம்பேரிடம் உண்டு. கடைக்காரர் உள்ளே போய் வேறு டப்பா எடுத்து வந்தார்.

லேத் வேலை ஹவுராவில், பெலிலியஸ் ரோட்டில். நியூயார்க்வாசிகள் மிதித்து நடக்கிற சாக்கடை மூடிகளில் பல ஹவுரா வார்ப்பாலைகளில் பிறந்தவை. ஒரு பின் கடைவது அந்த ஊருக்குப் பெரிய காரியமில்லை. ஆனால் நாங்கள் போனது செப்டம்பர் 17. விஸ்வகர்மா பூஜை. லேத்துக்கு சாமந்தி மாலை போட்டிருந்தது. மிஸ்திரி மொட்டை மாடியில் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார். கீழே இருந்து அத்திம்பேர் வரைபடத்தை உயர்த்திக் காட்ட, மேலே இருந்து அவர் அடுத்த வீட்டுப் பட்டத்தை அறுத்தார்.

மறுவாரம் வரைபடத்தைப் பார்த்த மிஸ்திரி ஒரே கோட்டில் அதைத் திருத்தினார். பிராக்கெட்டின் ஒற்றைக் காதில் பின்னைத் தொங்கவிட்டால் முழுச் சுமையும் ஓரிடத்தில் வெட்டும். இரண்டு காதுக்கு நடுவே நுழைத்தால் சுமை பாதிப்பாதியாகும். முனையில் டிராக்டர் டிரெய்லருக்குப் போடும் ஆர் கிளிப். எல்லாம் முடிந்தபின் கேட்டார்: "கம்பெனிக்காரன் யோசிச்சுத்தானே போட்டிருப்பான் பாபு?" அத்திம்பேர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சோதனைக் களம் எங்கள் சந்துதான். புரோமோட்டர் கொட்டிவைத்த செங்கல் குவியல்மேல் இடது முன்சக்கரம் ஏறியது. பின்னை உருவி, கம்பி டயரிலோ பிரேக் ஹோஸிலோ உரசாமல் இருக்க அக்காவின் துணி காயப்போடும் கொடியால் சேஸில் தூக்கிக் கட்டினார். வலது சக்கரம் தரையை விடவே இல்லை. அத்திம்பேர் இன்ச் டேப்புடன் மண்ணில் படுத்து ஆனந்தப்பட்டார்.

மாட்டுவதில்தான் வினை. சமதளத்தில் நின்றால்தான் ஓட்டையும் ஓட்டையும் நேராகும். எங்கள் சந்தோ சாக்கடைப் பக்கம் சாய்ந்தது. அரை அங்குலம் இடித்தது. திண்ணையில் கேரம் ஆடிக்கொண்டிருந்த பேட்டையே எழுந்து வந்தது. ஒருவர் இடப்பக்கம் அமுக்கச் சொன்னார், இன்னொருவர் வலப்பக்கம். மூன்றாமவர் ரிட்டயர்டு ரயில்வே. இரண்டுமே தப்பு என்றார். கடைசியில் எல்லோருமாக பம்பரில் ஏறி ஆட, "ஆரோ ஜோரே!" (இன்னும் பலமாக!) என்ற கூச்சலில் பின் உள்ளே போனது. ஒரு நிமிஷ வேலைக்கு ஒரு மாலைப்பொழுதும் பதினோரு கப் டீயும் ஆயின. காட்டில் டீக்கடைக்கு எங்கே போவது என்று அக்கா கேட்டாள்.

காடு பிறகு வந்தது. அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக்கொண்டு இமயமலைப் பக்கம் மானேபஞ்சாங் என்ற ஊருக்குப் போனோம். 3,636 மீட்டர் உயர சந்தக்பூவுக்கு அங்கிருந்து ஏறுகிறது கல்பாதை. இப்போது பல இடங்களில் கான்கிரீட். அதில் இன்றும் 1950-களின் லேண்ட் ரோவர்கள் ஓடுகின்றன. தேயிலைத் தோட்டத்துத் துரைமார் விட்டுப்போனவை. பட்டை ஸ்பிரிங், கெட்டி ஆக்ஸில். ஸ்டெபிலைசர் பார் என்பதே கிடையாது.

அத்திம்பேர் அவற்றில் ஒன்றின் அடியில் தவழ்ந்து தேடினார். அதன் ஓட்டுநரும் மரியாதைக்குத் தாரின் அடியில் தவழ்ந்து, பின்னைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

"அந்தக் கம்பிக்குக் காசு வாங்கினாங்களா சார்?"

"ஆமா, வண்டி விலையிலயே சேர்த்து."

"அதைக் கழட்டறதுக்கு?"

"அது தனிச் செலவு."

ஓட்டுநர் தன் லேண்ட் ரோவரின் பானெட்டைத் தட்டினார். "இதுல ரெண்டு செலவும் மிச்சம், சார்."

அத்திம்பேர் உடனே பேனாவை எடுத்தார். அந்த வண்டி விற்பனைக்கு உண்டா என்று விசாரிக்க ஆரம்பித்தார். அக்கா தன் கொடிக்கயிற்றை வண்டியிலிருந்து எடுத்துக்கொண்டாள்.