துண்டு ஏறின கதை

வா கண்ணு, உக்காரு. டெபுடி கலெக்டர் ஆயிட்டியாமே! ஊரே பிளக்ஸ் வெச்சிருக்குது. தாத்தன் பங்குக்கு நானும் நாலு புத்தி சொல்றேன், வாங்கிக்க.

மொத வேலையா ஒரு டர்க்கி டவல் வாங்கு. வெள்ளை வெளேர்னு இருக்கோணும். நாற்காலி முதுகுல அதை விரிச்சாத்தான் ஆபீசரு. எதுக்கு அந்தத் துண்டுன்னு மட்டும் எவனையும் கேட்டுப்புடாதே, அரசாங்கமே ஆட்டங்கண்டுரும். நாளைக்குக் கலெக்டராவே உசந்துட்டா, செவப்புப் பட்டை மாட்டின டவாலி முன்னால நடப்பான். துரை போயி எழுபத்தஞ்சு வருசத்துக்கு மேலாச்சு, பட்டை இன்னும் சாயம் போகல பாரு!

அடுத்தது, மனு குடுக்க வர்ற சனத்தை உக்காரச் சொல்லாதே. உக்காந்தா கேள்வி கேக்கும், நின்னாத்தான் கும்புடும். அதைச் சின்னதுலயே பழக்கியாச்சு. வயித்து வலின்னு லீவு லெட்டர் எழுதுனியே, கடைசியில என்ன போட்டே? 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்'. வலி வயித்துக்கு, கீழ்ப்படியறது முதுகு!

கலெக்டர்னா வசூல்காரன்னு அர்த்தம், தெரியுமா? 1792-ல திப்புகிட்ட இருந்து நம்ம பாராமகால் கம்பெனிக்காரன் கைக்குப் போச்சு. அப்ப கேப்டன் ரீடு கூட வந்தவன் மன்றோ. ஏழு வருசம் இந்தத் தருமபுரிச் சீமையில சுத்தித் தீர்வை போட்டான். வந்த வேலை வசூல், அதுக்கேத்த அதிகாரம். இப்பப் பலகையில ஆட்சியர்னு எழுதியாச்சு. சனம் இன்னும் கலெக்டர்னுதான் கூப்பிடுது. வெவரமான சனம்!

சட்டமும் அப்படித்தான். 1862-ல அமலுக்கு வந்த தண்டனைச் சட்டத்துக்கு 2024 ஜூலையிலதான் விடுதலை. வ.உ.சி.யை உள்ள தள்ளுன ராஜதுரோகப் பிரிவும் அதுவரைக்கும் புஸ்தகத்துலயே குந்தியிருந்துச்சு. செக்கிழுத்தவரு போயிட்டாரு, செக்கை வெச்சுக் காப்பாத்தினோம்.

எல்லாப் பழியும் வெள்ளைக்காரன் தலையிலன்னு சொல்ல மாட்டேன். அவன் வர்றதுக்கு முன்னாடியே பெரிய மனுசனைக் கண்டா தோள் துண்டை எடுத்து இடுப்புல கட்டுன ஊருதான் இது. குனிய நாம கத்து வெச்சிருந்தோம். அதுக்கு அவன் கச்சேரி கட்டி, முத்திரை குத்தி, ரிஜிஸ்டர் போட்டான். நம்ம தோள்ல இருந்து எறங்குன துண்டுதான் கண்ணு, அந்த நாற்காலி மேல ஏறிருச்சு.

மெட்ராஸ் போனா தீவுத்திடல் பக்கம் மன்றோ சிலையைப் பாரு. 1839-ல வெச்சது. குதிரைக்குச் சேணமும் இல்ல, அங்கவடியும் இல்ல. துரை சேணமில்லாம குதிரை மேல உக்காந்திருக்கான். நம்மாளு துண்டில்லாம நாற்காலியில உக்கார மாட்டேங்கறான்!

ஜமாபந்திக்கு நானும் வருவேன். பட்டாவுல எம்பேரைத் தப்பா ஏத்தி மூணு வருசமாச்சு. என் துண்டு என் தோள்லயேதான் இருக்கும். உக்காருன்னு சொல்றியான்னு பாக்கறேன். சொல்லலைன்னாலும் கோவிச்சுக்க மாட்டேன். உன் நாற்காலித் துண்டை உருவி, மூஞ்சி வேர்வையைத் தொடைச்சிட்டு வந்துருவேன்.

துண்டு அதுக்குத்தானே கண்ணு?