மங்கும் மஞ்சும்

ஏற்காட்டுக்குத் தேனிலவுக்குப் போகிறவர்கள் உண்டு, மே மாதக் கோடை விழாவுக்குப் போகிறவர்கள் உண்டு, பிள்ளையை விடுதிப் பள்ளியில் விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டே இறங்குகிறவர்கள் உண்டு. தோல் உரிவதற்கென்றே மலையேறியவன் அநேகமாக நான் ஒருவன்தான்.

காரணம், மகளின் நிச்சயதார்த்தம். அவளுக்கு ஒரு குறையும் இல்லை. என் கன்னங்களில்தான் மங்கு. இன்சூரன்ஸ் பிரீமியம் வசூலுக்காக ஓமலூர், வாழப்பாடி, ஆத்தூர் என்று வருஷக்கணக்கில் பைக்கில் அலைந்த முகம் அது. மங்கு என்பது பெண்களுக்கு, அதுவும் பிள்ளை உண்டாகியிருக்கும்போது வருகிற சமாசாரம் என்றே நினைத்திருந்தேன். ஆண்களுக்கும் வரும், வெயில்தான் அதை வளர்த்துவிடும் என்று தோல் டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. "போட்டோவில முகம் நல்லா விழணுங்க டாக்டர்" என்றேன். "பொண்ணுக்குங்களா?" என்றார். "எனக்குத்தானுங்க" என்றதும் அவர் உதட்டோரத்தில் ஓடி மறைந்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அவர் செய்தது கெமிக்கல் பீல். 15 சதவீத டிரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தைத் தொட்டு முகத்தில் பூசினார். எரிந்தது. கையில் சின்ன விசிறி ஒன்றைக் கொடுத்தார்கள். வீசிக்கொண்டே கண்ணீர் விட்டேன். நேற்றுத்தான் கண்டுபிடித்த ஏதோ ஒன்றுக்குக் காசு கொடுக்கிறோம் என்ற பெருமிதம் மட்டும் இருந்தது. ஜெர்மனியின் தோல் மருத்துவர் பால் கெர்சன் உன்னா இந்த அமிலத்தின் குணங்களை 1882லேயே எழுதிவிட்டாராம். மேல்தோலில் இருக்கும் புரதத்தை அது உறைய வைக்கிறது. அந்த இடம் வெளுக்கிறது. செத்த அடுக்கு இரண்டு மூன்று நாளில் பழுப்பாகி, வாயோரத்தில் தொடங்கி உரிகிறது. அடியில் புதுத் தோல். இதில் நோயாளி செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. வில்லங்கம் அங்கேதான் இருக்கிறது.

டாக்டர் நிதானமாக விளக்கினார். வெயிலைத் தோல் எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதை வைத்துத் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற அமெரிக்க மருத்துவர் 1975இல் தோலை வகை பிரித்தார். பின்னால் அது ஆறு வகையாக விரிந்தது. நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் நான்கு, ஐந்து. இந்தத் தோல் வெயிலில் லேசில் பொசுங்காது. ஆனால் ஒரு காயம், ஒரு தீற்றல் பட்டால் போதும், அந்த இடத்தைக் கறுக்க வைத்துவிட்டுத்தான் ஓயும். வெள்ளைக்காரருக்குச் சிவந்து ஆறிப்போவது நமக்கு மாதக்கணக்கில் கறையாக உட்கார்ந்துவிடும். "நான் பண்ணினது பாதி வேலைதானுங்க. மீதி உங்க கையில" என்றார். என் கையைப் பற்றி அவருக்குத் தெரியாது.

ஒரு தாளும் கொடுத்தார்கள். உரியும் தோலைப் பிய்க்காதே. வெயிலில் போகாதே. சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூசு. மஞ்சள், எலுமிச்சை, தேங்காய் எண்ணெய், ஆவி எதுவும் வேண்டாம். சவரமும் வேண்டாம். காரமில்லாத முகக் கழுவி, வாசனையில்லாத மாய்ஸ்சரைசர், அவ்வளவுதான். இதை நான் பள்ளிக்கூடக் கேள்வித்தாள் மாதிரி எடுத்துக்கொண்டேன்: ஏதேனும் மூன்றனுக்கு மட்டும் விடையளிக்கவும்.

உரிகிற மூஞ்சியும் சவரம் காணாத தாடியுமாகச் சேலத்தில் நடமாட முடியாது. சம்பந்தி வீடு அஸ்தம்பட்டியில், எந்தக் கடையில் நின்றாலும் எதிரில் யாராவது வந்து "என்னங்க இது?" என்பார்கள். அப்போதுதான் மூளை வேலை செய்தது. (இந்த விவகாரம் முழுவதிலும் அது வேலை செய்த ஒரே தருணம். அதுவும் தப்பு.) ஏற்காடு! முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவு. சித்திரையில் சேலம் கொதிக்கும்போது மேலே ராத்திரியில் ஸ்வெட்டர் தேடுவார்கள். டாக்டர் வெயிலில் போகாதே என்றார். நான் வெயிலே இல்லாத ஊருக்குப் போகிறேன். இதைவிடக் கீழ்ப்படிதல் உண்டா?

"ஏனுங்க, டாக்டரு ஊட்டுக்குள்ள இருக்கச் சொன்னாருங்களே" என்றாள் மனைவி.

"வெயில்ல போகாதேன்னார். குளிர்ல போகாதேன்னாரா?"

சட்டம் படித்திருக்க வேண்டியவன் நான்.

கீழே இறங்கிய பிறகு படித்துத் தெரிந்துகொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தோலைக் கறுக்க வைக்கும் புற ஊதாக் கதிர் சுடாது. நமக்கு உறைப்பது அகச்சிவப்புக் கதிரின் சூடு. மஞ்சும் மெல்லிய மேகமும் அந்தச் சூட்டைக் குறைத்துவிடும். புற ஊதாவையோ 80 சதவீதம் வரைக்கும் கீழே விட்டுவிடும். போதாததற்கு உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் புற ஊதா சுமார் 10 சதவீதம் கூடுகிறது. மேலே போகப்போகக் காற்று மெலிந்து வடிகட்டுவது குறைகிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஆக, சேலத்து வெயிலுக்குப் பயந்து, அதைவிடக் காரமான வெயிலுக்குப் பஸ் டிக்கெட் எடுத்துப் போயிருக்கிறேன். சேலத்திலாவது உடம்பு தகித்தால் நிழலுக்கு ஓடியிருப்பேன். ஏற்காட்டில் "ஆகா, என்ன சுகம்" என்று நடு மத்தியானத்தில் முகத்தை நிமிர்த்திக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அந்த மலையின் காபிச் செடிக்கு இருந்த யோகம் எனக்கு இல்லை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர் எம். டி. காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். இன்றைக்கும் தோட்டக்காரர்கள் செடியை வெட்டவெளியில் விடுவதில்லை. மேலே சில்வர் ஓக் வளர்த்து, அதில் மிளகுக் கொடியை ஏற்றி, வெயிலைச் சலித்துத்தான் உள்ளே விடுகிறார்கள். அப்படிப்பட்ட தோட்டங்களைச் சாலையில் நின்று, தொப்பி இல்லாமல் ரசித்தேன். தொப்பி இருந்தது, பையில். போட்டால் தலைமுடி கலைகிறது.

ஏரியில் படகு விட்டேன். தண்ணீர் கீழிருந்து திருப்பியடிக்கும் வெளிச்சத்துக்குத் தாடையும் தப்பவில்லை. லேடீஸ் சீட் என்கிற மலைமுனையில் நின்று, கீழே சேலம் வெயிலில் வேகிறதைப் பார்த்துப் பரிதாபப்பட்டேன். பிறகு சேர்வராயன் கோயில். 5,300 அடிக்கு மேலே, மரமே இல்லாத அகன்ற புல்வெளி; சாமி இருப்பது குகைக்குள், தாழ்வாகக் குனிந்துதான் போக வேண்டும். பக்கத்தில் காவேரியம்மன். மலையாளிப் பழங்குடி மக்களின் தெய்வம். மே மாதத்தில் திருவிழா. அந்த மலையிலேயே என் முகத்துக்குப் பத்திரமான இடம் அந்த இருட்டுக் குகை ஒன்றுதான். தரிசனம் முடிந்ததும் பூசாரி நகரச் சொல்லிவிட்டார்.

சன்ஸ்கிரீன் பூசவில்லையா என்பீர்கள். பூசினேன், எங்கள் குடும்பச் சிக்கனப்படி. குழாயில் எஸ்பிஎஃப் 50 என்று போட்டிருக்கிற எண், சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசினால்தான் கிடைக்கும். முகத்துக்கும் கழுத்துக்கும் என்றால், ஆள்காட்டி விரல் நெடுக ஒரு கோடு, நடுவிரல் நெடுக ஒரு கோடு. நான் பிதுக்கியது ஒரு மிளகளவு. காலையில் பூசியது ராத்திரி வரைக்கும் வரும் என்று கணக்கு. மங்கு உள்ளவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் ஆகாது, அதற்கு இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீன் நல்லது என்றும் டாக்டர் எழுதியிருந்தார். அதை நான் வாங்கவேயில்லை. ஆம்பளை மேக்கப் போடுவானா என்ற ரோஷம். அமிலத்தைப் பூசி முகத்தை உரித்துக்கொண்டவனுக்கு.

ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த பாட்டியிடம் போய் நின்றேன். அவர் என் முகத்தை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏஞ் சாமி, அம்மை போட்டிருக்குதா?"

அழகுக்காக உரித்துக்கொண்டேன் என்று எந்த வாயால் சொல்வது? "ஆமாங்க" என்றேன்.

"அம்மை போட்ட மூஞ்சில எண்ணெப் பலகாரம் திங்கலாமா? ஊட்டுல சொல்றவங்க ஆருமில்லியா? கையி வெச்சுச் சொறியாத. வெயிலு காத்து படாம உள்ள போயிப் படு சாமி, போ."

பஜ்ஜி தரவே இல்லை. டாக்டர் ஃபீஸ் வாங்கிக்கொண்டு ஒரு பக்கத் தாளில் எழுதிக் கொடுத்ததை இலவசமாக நாலே வாக்கியத்தில் முடித்துவிட்டார். நான் பக்கத்துக் கடைக்குப் போய் பஜ்ஜி சாப்பிட்டேன்.

உள்ளே போய்ப் படுத்திருந்தாலும் தப்பித்திருப்பேன் என்று சொல்ல முடியாது. காட்டேஜில் ஒரு பெரிய நிலைக்கண்ணாடி இருந்தது. தாடையோரம் ஒரு துண்டுத் தோல் பாதி எழும்பி, பாதி ஒட்டிக்கொண்டு, காற்றில் ஆடியது. சும்மா இருப்பது லேசான காரியமில்லை என்று தாயுமானவரே பாடி வைத்திருக்கும்போது இன்சூரன்ஸ் ஏஜெண்ட் எம்மாத்திரம்? ஓரத்தை மட்டும் என்று தொட்டேன். ஓரம் வந்தது. பிறகு ஓரத்துக்கு ஓரம். கடைசியில் இன்னும் விடத் தயாராகாத இடமும் சேர்ந்து வந்து, அடியில் செக்கச்செவேலென்று ஈரம் மினுங்கியது. எரிச்சலைத் தணிக்கத் தேங்காய் எண்ணெய் வைத்தேன். தாளில் வேண்டாம் என்றிருந்தவற்றில் எலுமிச்சை ஒன்றுதான் பாக்கி, கடை சாத்திவிட்டார்கள்.

சிவப்பு ஆறியது. ஆறிய இடம் பழுப்பாகி, பிறகு கறுத்தது. கன்னத்து மங்கு நிஜமாகவே கொஞ்சம் வெளுத்திருந்தது. தாடையில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் புதுக்கறை. மொத்தத்தில், மங்கு கீழே குடியிறங்கிவிட்டதாக மனைவி சொன்னாள். நிச்சயதார்த்தத்தில் யாரும் கவனிக்கவில்லை. எல்லாரும் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்படியும் நடக்கலாம் என்று எனக்குத் தோன்றியிருக்கவே இல்லை. போட்டோக்காரத் தம்பி கம்ப்யூட்டரில் தடவி என் மங்கு, கறை எல்லாவற்றையும் ஒரே நிமிஷத்தில் துடைத்துவிட்டார். கூடவே, பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளமாக எழுதியிருந்த மச்சத்தையும்.

இத்தோடு விட்டிருக்கலாம். மச்சினன் ஒரு குழாயைச் சிபாரிசு செய்தான். "ஒரே வாரத்துல பளிச்சுன்னு ஆயிருங்க மாமா." கடையில் கேட்டேன், சீட்டு எங்கே என்று யாரும் கேட்கவில்லை. தடவினேன். மச்சினன் சொன்னது பொய்யில்லை, ஒரு வாரம் பளிச்சென்றுதான் இருந்தது. அப்புறம் முகம் முழுக்கச் சிவந்து, பதின்ம வயசிலும் வராத பருக்கள் கிளம்பின. நிறுத்தினால் எரிச்சல், தடவினால் அடங்குகிறது. பயந்துபோய் டாக்டரிடமே திரும்ப ஓடினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, குழாயைத்தான் திருப்பிப் பார்த்தார்.

உள்ளே மூன்று மருந்து: ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின், மோமெட்டாசோன். முதல் இரண்டோடு ஒரு ஸ்டீராய்டைச் சேர்க்கும் இந்த யோசனை 1975இல் அமெரிக்காவில் ஆல்பர்ட் கிளிக்மேன் வெளியிட்ட கலவையிலிருந்து வருவது. மங்குக்கு டாக்டர்களே இதை எழுதுவார்கள், ஆனால் சில வாரங்களுக்கு, கண்காணிப்போடு. கடைசியில் சொன்ன ஸ்டீராய்டு, அளவு தெரியாமல் பூசிக்கொண்டே போனால் தோலை மெலிய வைக்கும், ரத்தக் குழாய்களை வெளியே காட்டும், பெண்கள் முகத்தில்கூட முடி முளைக்க வைக்கும். முகம் அதற்குப் பழகிவிட்டால் விடவும் முடியாது. இந்தியத் தோல் மருத்துவர் சங்கம் இதற்கெதிராக வருஷக்கணக்கில் குரல் கொடுத்தது. 2018இல் மத்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை, டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத ஹெச் பட்டியலில் சேர்த்தது. சட்டம் இருக்கிறது. எனக்கும் பாக்கிச் சில்லறையோடு குழாய் கிடைத்தது.

பீல் செய்துகொள்ளுங்கள், வேண்டாம், அது உங்கள் முகம், உங்கள் காசு. மே மாதத்தில் செய்துகொண்டால் அந்த வருஷக் கோடை விழாவை மட்டும் விட்டுவிடுங்கள். அடுத்த வருஷமும் நடக்கும். பிறகு கறை விழுந்து, யாராவது ஒரு குழாயைச் சிபாரிசு செய்தால், முன்பக்கத்துப் பெயரைப் பார்க்காதீர்கள். பின்னால் பொடி எழுத்தில் மோமெட்டாசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று ஏதாவது ஒன்று இருந்து, கையில் டாக்டர் சீட்டும் இல்லையென்றால், பணம் கொடுப்பதற்கு முன்பே அதைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.