51 சென்டிமீட்டர் சிகரம்

டென்மார்க்கின் மிக உயர்ந்த இயற்கைச் சிகரம் மொல்லெஹொய். உயரம் 170.86 மீட்டர். கார் நிறுத்திய இடத்திலிருந்து சில நிமிட நடை. ஒரு பண்ணைப் பக்கத்துப் புல்மேடு. உச்சியில் கொடியில்லை, பழைய காற்றாலையின் திரிகைக்கல் ஒன்று கிடக்கிறது. ஆக்சிஜன் குப்பி வேண்டாம்; மழைக்கோட்டு போதும்.

ஏறுவது சுலபம். எதில் ஏறுவது என்பதில்தான் அந்த நாடு தடுமாறியது. 1847 வரை ஹிம்மெல்பியர்தான் உச்சம் என்று நம்பினார்கள். அளந்தால் 147 மீட்டர்! பட்டம் பிறகு எயர் பௌனஹொய்க்குப் போனது. 1924-இல் அங்கே 13 மீட்டர் கோபுரம் வேறு எழுப்பினார்கள். 2005-இல் மறுபடி அளந்தபோது பக்கத்து மொல்லெஹொய் 51 சென்டிமீட்டர் கூடுதலாக நின்றது. அத்தனை வருடமும் எவரெஸ்ட் வீரர்போல் போட்டோ எடுத்துக்கொண்டவர்கள் ஏறியது தப்பான மேட்டில்.

இதற்கிடையே யிதிங் ஸ்கௌஹொய் என்ற இன்னொரு மேட்டுக்கு வேறொரு வழக்கு. அது 172 மீட்டரைத் தாண்டுகிறது. ஆனால் உச்சியில் இருப்பது வெண்கலக் கால மனிதர்கள் குவித்த புதைமேடு. மனிதன் கொட்டிய மண் செல்லாது என்று தள்ளிவிட்டார்கள். செத்தவரை வைத்து உயரம் ஏற்றக்கூடாதாம். அரசியலில் மட்டும் அதற்குத் தடையில்லை.

கிரீன்லாந்தும் டென்மார்க் அரசின் கீழ்தானே, அங்கே 3,694 மீட்டர் மலை இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அதில் ஏற உண்மையிலேயே மலையேறத் தெரிந்திருக்க வேண்டும்.